இரண்டு பேர் இருந்தால்தான் போட்டி

படுக்கப் போகும்போது நான் பின்லாந்திலேயே பதினோராவது. காலையில் கண் விழித்தபோது ஏழாவதாக இருந்தேன். இடையில் நான் செய்தது வாயைத் திறந்தபடி தூங்கியது மட்டும்தான்.

"எந்திரி ஐலி. ஏழாவதா வந்துட்ட," என்று போனில் சொன்னாள் இர்மெலி. அவள்தான் என் பயிற்சியாளர். பக்கத்து அறையிலிருந்து பேசினாள். சுவர் வழியாக ஒரு தடவையும் போன் வழியாக ஒரு தடவையும் அவள் குரல் கேட்டது.

"யாரு போனது?"

"ஹெல்சின்கி கும்பல் மொத்தமும். ஒருத்திக்கு பாசிட்டிவ். நாலு பேரும் ஒரே ரூம்ல டிரஸ் மாத்தினவங்க. எல்லாரையும் வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டியாச்சு."

"ஐயோ பாவம்."

"ஆமா, பாவம்தான்."

இருவரும் ஒரு நிமிடம் பாவப்பட்டோம். பிறகு அவள், "சரி, கதவுல சாப்பாடு தொங்குது, எடுத்துக்கோ," என்று போனை வைத்தாள்.

கொவோலா ஊரில், கொரோனா வந்த அந்த வருடத்து டிசம்பரில், தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி நடந்தது. நடந்தது என்று இப்போது சொல்கிறேன். நடக்குமா நடக்காதா என்பது முந்தைய நாள் வரை நடத்துகிறவர்களுக்கே தெரியாது. ஒரு நாள் நடக்கும் என்பார்கள், மறுநாள் நடக்காது, அதற்கடுத்த நாள் பார்வையாளர் இல்லாமல் நடக்கும். எப்போதும் இரண்டு சுற்று இருக்கும். இந்தத் தடவை ஆளைச் சீக்கிரம் வெளியே அனுப்ப வேண்டும் என்று ஒரே சுற்று, நீளமான ஆட்டம் மட்டும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னதில் எங்கள் மக்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இவ்வளவு கிட்டத்தில் நிற்க வேண்டுமா என்றுதான் பலர் யோசித்தார்கள். ஆனால் ஓட்டலில் சானாவை, அதுதான் நீராவிக் குளியலறையை, மூடிவிட்டார்கள். அதற்குத்தான் இர்மெலி வரவேற்பு மேசைப் பையனிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டாள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. இந்த ஆட்டத்தில் அது கிழவி வயது. லாஹ்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. எட்டு வயதிலிருந்து இர்மெலியிடம் ஆடுகிறேன். தேசியப் போட்டியில் பத்தாவது இடத்துக்கு மேல் ஒரு நாளும் வந்ததில்லை. இடது முழங்கால் படியிறங்கும்போது சத்தம் போட ஆரம்பித்திருந்தது. இதுதான் கடைசி என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். ஒரே ஒரு பதக்கம், வெண்கலமானாலும் சரி, கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும் என்று ஆசை. அது நடக்காது என்று தெரிந்தும் இருந்த ஆசை.

கதவில் தொங்கிய பையில் சோறு வைத்துச் சுட்ட பிராக்கா ரொட்டி இரண்டும் அவித்த முட்டையும் இருந்தன. முதல் பிராக்காவைத் தின்று முடிப்பதற்குள் தம்பேரே ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்களுடைய பயிற்சியாளருக்குக் காய்ச்சல். முட்டையை உரிக்கும்போது துர்க்கு ஊர்ப் பெண் போனாள், அவள் அம்மா நர்ஸ். அரங்கத்துக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது ஔலு ஊர்ப் பெண்கள் இருவரையும் வர வேண்டாம் என்று அவர்கள் கிளப்பே தடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

இர்மெலி தாழ்வாரத்தில் இரண்டு மீட்டர் தள்ளி நின்றபடி என்னைப் பார்த்தாள்.

"நீ ரெண்டாவது," என்றாள்.

"எனக்கு வயித்தைக் கலக்குது."

"முட்டையா?"

"இல்ல. ரெண்டாவது."

மிச்சமிருந்தது நெயா சல்லினென் மட்டும். குவோபியோ ஊர்ப் பெண், பதினேழு வயது, போன வருடத்துச் சாம்பியன். நான் ஒன்றரை நிமிடம் மூச்சைப் பிடித்து யோசித்துச் செய்கிற தாவலை அவள் பேசிக்கொண்டே செய்வாள். அவளுக்கும் தொண்டை கரகரப்பு. டெஸ்ட் எடுத்திருந்தார்கள், முடிவு வரவில்லை. வரும் வரை உள்ளே விடக்கூடாது என்பதால் முந்தைய நாள் மாலையிலிருந்து அவளும் அவள் அம்மாவும் அரங்கத்தின் வாகன நிறுத்தத்தில் காருக்குள்ளேயே இருந்தார்கள். உள்ளே போகும்போது பார்த்தேன். வண்டிக் கண்ணாடி முழுக்க மூச்சுப் புகை படிந்திருந்தது. உள்ளே ஒரு கம்பளித் தொப்பி மட்டும் தெரிந்தது.

அவளுக்கு பாசிட்டிவ் என்று வந்தால் நான் பின்லாந்து சாம்பியன். அந்த நினைப்பு வந்ததும் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டாலும் நினைப்பு போகவில்லை.

பயிற்சி நேரத்தில் பனித்தளம் முழுக்க எனக்கு. ஆறு பேர் இடித்துக்கொண்டு ஆடுகிற தளம் அது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பாட்டு ஓடுகிறதோ அவளுக்கு வழிவிட்டு மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். அன்றைக்கு ஓடியது என் பாட்டு, இருந்தது நான் ஒருத்தி. பின்பக்கமாக வேகம் எடுத்து, தாவப் போகிற நொடியில், யாரோ வருகிறாள் என்று உடம்பைத் திருப்பி ஒதுங்கினேன். யாரும் இல்லை. மறுபடி வந்தேன், மறுபடியும் ஒதுங்கினேன்.

"யாருக்குடி வழி விடுற?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள் இர்மெலி. காலியான அரங்கில் அவள் சொன்னது நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது.

"பழக்கம்."

"தளத்துல நீ மட்டும்தான் இருக்க."

"கண்ணுக்குத் தெரியுது. முதுகுக்குத் தெரியல."

மூன்றாம் தடவையும் ஒதுங்கினேன். வாழ்க்கை முழுக்க நல்ல ஆட்டக்காரிகளுக்கு வழிவிட்டே பழகிய உடம்பு. அதை ஒரு காலையில் மாற்ற முடியாது. இர்மெலி தலையில் அடித்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்ததும் தபானி எங்களை அழைத்தார். போட்டியை நடத்துகிறவர் அவர். மாஸ்க்குக்கு மேலே மூக்கு முழுசாக வெளியே இருந்தது. மேசைக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அந்தத் தடுப்பைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு சின்ன விஷயம்," என்றார். "இப்ப ஒருத்தர் மட்டும் ஆடினா, அது போட்டி இல்லையாம்."

"என்னவாம்?" என்றாள் இர்மெலி.

"விதி அப்படி இருக்கு. குறைஞ்சது ரெண்டு பேர் ஆடணும். நெயா வரலைன்னா ஐலி ஆடலாம், மார்க் போடுவோம். ஆனா பட்டம் கிடையாது. பதக்கமும் கிடையாது. இந்த வருஷம் சாம்பியன் யாரும் இல்லன்னு அறிவிப்போம்."

"போன வருஷம் ஜோடி ஆட்டத்துல ஒரே ஒரு ஜோடிதான் வந்துச்சு. அவங்களுக்கு மட்டும் பட்டம் குடுத்தீங்களே."

தபானி கொஞ்சம் யோசித்தார். "ஜோடின்னா ரெண்டு பேர் இல்லையா," என்றார்.

இர்மெலி, "சரி, ஆடறதுன்னா எவ்வளவு ஆடணும்?" என்று கேட்டாள்.

"பாட்டு ஆரம்பிச்சு, ஆள் நகர்ந்தா போதும். நடுவுல முடியலன்னு நிறுத்தினாக்கூட ஆரம்பிச்சதாத்தான் கணக்கு. ஆனா நிறுத்தினவங்களுக்கு இடம் கிடையாது."

நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் உட்காரக் கூடாது என்று குறுக்கே நாடா ஒட்டியிருந்தது, அதன் மேலேயே உட்கார்ந்தேன். நெயாவுக்கு நோய் என்றால் எனக்கு ஒன்றுமில்லை. நெயாவுக்கு நோய் இல்லையென்றால் அவள் ஜெயிப்பாள், நான் இரண்டாவது, வெள்ளி. காலையிலிருந்து ஊரார் மூக்கில் எல்லாம் கிருமி இருந்தால் தேவலை என்று நினைத்தவள், மதியம் ஒரு பெண்ணின் மூக்கு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வேண்ட ஆரம்பித்தேன். இரண்டும் என் நன்மைக்காகத்தான். இதில் எது நான் என்று எனக்கே விளங்கவில்லை.

ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால், நான் உடையும் ஸ்கேட்டும் மாட்டி உட்கார்ந்திருந்தபோது, தபானி ஓடி வந்தார்.

"நெகட்டிவ்," என்றார். "வெறும் சளிதான்."

இர்மெலி என் தோளைத் தட்டக் கையை நீட்டிவிட்டு, ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டாள்.

"ஆனா அவங்க வீட்டுக்குக் கிளம்பறாங்க," என்றார் தபானி. "அம்மாக்காரி ஒத்துக்க மாட்டேங்கறா. உலகப் போட்டிக்கு அவளைத்தானே அனுப்பப் போறாங்க, இதுல எதுக்கு உடம்பைக் கெடுத்துக்கணும்னு கேக்கறா. நான் என்ன சொல்றது? அவ கேக்கறதும் நியாயந்தான்."

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து ஓடினேன். பிளேடின் மேல் உறை மாட்டியிருந்தது, அது ஒன்றுதான் புத்தியோடு செய்த காரியம். மெல்லிய உடை, மேலே என் மூக்குக்கண்ணாடிக் கடை பெயர் போட்ட மழைக்கோட்டு. வெளியே பிற்பகலே இருட்டிவிட்டிருந்தது, பனி கொட்டிக்கொண்டிருந்தது. கார் விளக்கு எரிந்தது. பின்னால் நகர ஆரம்பித்த வண்டியின் முன்னால் போய்க் குறுக்கே நின்றேன்.

நெயாவின் அம்மா காரினா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "உனக்கு என்ன பைத்தியமா? வண்டி வழுக்கினா என்ன ஆகும்?"

"நெயாகிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

"அவளுக்குத் தொண்டை சரியில்ல."

"நான்தானே பேசப் போறேன். அவ கேட்டா போதும்."

மறுபக்கக் கண்ணாடி இறங்கியது. நெயாவின் மூக்கு சிவந்திருந்தது. மடியில் சிப்ஸ் பொட்டலம். பக்கத்தில் பார்த்தால் சின்னப் பெண். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஐலிதானே? வருஷா வருஷம் அந்தப் பச்சை டிரஸ்."

"நீலம். அரங்கத்து லைட்டுல பச்சையா தெரியும்."

"அப்பாடா. அது பச்சைன்னு நினைச்சு அஞ்சு வருஷமா பாவப்பட்டேன்."

"நெயா, நீ வந்து ஆடணும்."

அவள் ஒரு சிப்ஸைக் கையில் எடுத்து வாயில் போடாமல் வைத்திருந்தாள். "நான் ஆடினா நீ தோத்துருவ. அது தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கூப்பிடற?"

"நீ வரலைன்னா எனக்குத் தோக்கக்கூட முடியாது."

தபானி சொன்ன விதியைச் சொன்னேன். இதுதான் என் கடைசிப் போட்டி என்றும் சொன்னேன். அதைச் சொல்ல நினைக்கவில்லை, குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தபோது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. முழங்காலைப் பற்றியும் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்னை ஜெயித்துவிட்டுப் போ என்று ஒருத்தியிடம் வண்டி மறித்துக் கெஞ்சுகிறவளைப் பார்த்தால் நானே சிரிப்பேன்.

நெயா சிரிக்கவில்லை. அம்மாவுக்குக் கேட்காதபடி ஜன்னலில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஆரம்பிச்சா போதும்னுதானே சொன்ன? பாட்டு போட்டதும் ரெண்டு தள்ளு தள்ளறேன். முதல் தாவல் வரைக்கும் போறேன். அப்புறம் தொண்டையைப் புடிச்சுக்கிட்டு நடுவர்கிட்ட போய், முடியலன்னு சொல்லிடறேன். எனக்கு இடம் இருக்காது. பட்டம் உனக்கு."

அம்மாவுக்குக் கேட்டதா என்று எட்டிப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் குறையாது," என்றாள். "இன்னும் பத்து வருஷம் ஜெயிச்சுக்குவேன்."

திமிர்தான். ஆனால் அதை அவள் சொன்ன விதத்தில் திமிர் இல்லை. கையிலிருந்த சிப்ஸைக் கொடுப்பதைப் போலத்தான் சொன்னாள். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாய் திறந்தபடி நின்றேன், பனி உள்ளே விழுந்தது.

"என்னடி குசுகுசுன்னு?" என்றாள் காரினா.

"ஒண்ணுமில்லம்மா. டிக்கியைத் திற, ஸ்கேட் எடுக்கணும்."

நான்தான் முதலில் ஆட வேண்டும் என்று சீட்டுக் குலுக்கியதில் வந்தது. தளத்தின் நடுவில் போய் நின்றேன். காலி இருக்கைகள். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள், யாருக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நடுவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தனித்தனியாக, சந்தையில் மீன் விற்கிறவர்கள் குளிருக்கு அடைந்து உட்கார்ந்திருப்பதைப் போல் இருந்தார்கள். ஏற்கனவே நான்தான் சாம்பியன் என்றால் இதை எதற்கு ஆட வேண்டும்? விழாமல் ஒப்பேற்றினால் போதுமா? இல்லை, நன்றாக ஆடினால்தான் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்ள முகம் இருக்குமா? அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

முதல் தாவலில் இறங்கினேன். கைதட்டல் வரும் என்று உடம்பு ஒரு கணம் காத்திருந்தது. பிளேடு பனியைக் கீறும் சத்தம் மட்டும் வந்தது. இரண்டாவதில் விழுந்தேன். எழுந்தேன். சுழலும்போது ஒரு நடுவர் இருமினார். மற்ற எல்லா நடுவர்களும் என்னை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் எத்தனை சுற்று சுற்றினேன் என்பது மறந்துபோனது. ஆனால் கடைசிப் பாதியில் ஒருவருக்கும் ஒதுங்காமல் தளத்தின் குறுக்கே நேராகப் போனேன், அது நினைவிருக்கிறது. என் கணக்கில் நல்ல ஆட்டம்தான், ஊர்க் கணக்கில் பத்தாவது இடத்து ஆட்டம்.

மார்க் வந்தது. இர்மெலி, "விழுந்தது ஒண்ணைத் தவிர எல்லாம் நல்லா இருந்துச்சு," என்றாள். நான் காதில் வாங்கவில்லை. தடுப்பைப் பிடித்துக்கொண்டு தளத்தையே பார்த்தேன்.

நெயா உள்ளே வந்தாள். போகும்போது என்னைப் பார்த்து லேசாகக் கண் சிமிட்டினாள். தொண்டையில் கை வைத்து ஒரு இருமலும் இருமி வைத்தாள், ஒத்திகை. பாட்டு ஆரம்பித்தது. இரண்டு தள்ளு. போட்டி செல்லுபடியாகிவிட்டது. வேகம் எடுத்தாள், முதல் தாவல், மூன்று சுற்று, இறங்கினாள்.

இப்போது நிறுத்துவாள்.

நிறுத்தவில்லை. ஒருவேளை நடுவர் மேசை அந்தப் பக்கம் இருப்பதால் சுற்றி வருகிறாள் என்று நினைத்தேன். சுற்றி வந்தாள், மேசையைத் தாண்டினாள், இரண்டாவது தாவலையும் அதன் வாலோடு ஒட்டி மூன்றாவதையும் போட்டாள்.

"ஏன் பேய் அடிச்ச மாதிரி நிக்கற?" என்றாள் இர்மெலி.

"ஒண்ணுமில்ல."

அடுத்ததில் நிறுத்துவாள். இல்லை, இந்தச் சுழல் முடிந்ததும். இல்லை, பாட்டு மெதுவாகிற இடத்தில். பாட்டு மெதுவானது. நெயா ஒற்றைக் காலில், மற்றக் காலைப் பின்னால் உயர்த்தி, அரங்கத்தின் நீளத்துக்கும் போனாள். சளி பிடித்த, இரவெல்லாம் காரில் மடங்கிக் கிடந்த பெண். அவள் முகத்தில் என் பெயர் இல்லை, பட்டம் இல்லை, நாங்கள் பேசியது எதுவும் இல்லை. பாட்டு மட்டும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே. அடிப்பாவி, நிறுத்து, வாக்குக் கொடுத்தாயே என்று பல்லைக் கடித்தேன். அவள் மறுபடி தாவினாள். காற்றில் அவள் இருந்த அந்த நேரத்தில், விழுந்துவிடாதே, விட்டுவிடாதே, முழுக்க ஆடு என்று என் வாய்க்குள் யாரோ சொன்னார்கள். அதுவும் நான்தான். இரண்டு ஆசையும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பாட்டு முடிந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கையை உயர்த்தி, நெயா நின்றாள். மூச்சு வாங்கியது. உயர்த்திய கை மெல்ல இறங்கி வாயைப் பொத்தியது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

நேராக என்னிடம் வந்தாள். தடுப்பில் வந்து மோதி நின்றாள், இரண்டு மீட்டரெல்லாம் போச்சு. கண்ணில் தண்ணீர்.

"ஐலி, மறந்துட்டேன்," என்றாள். "சத்தியமா மறந்துட்டேன். பாட்டு ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் எனக்கு ஒண்ணுமே..."

அவளைத் திட்ட எல்லாச் சொல்லும் தயாராக இருந்தது. ஒன்றையும் எடுக்க முடியவில்லை. பாட்டு ஆரம்பித்த பிறகு நிறுத்துவது எப்படி என்று எனக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எட்டு வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் விழுந்தாலும் எழுந்து போ, ரத்தம் வந்தாலும் போ, பாட்டு முடியும் வரை போ என்பதுதான். அவள் இடத்தில் நான் இருந்தாலும் மறந்திருப்பேன். என்ன, அவ்வளவு அழகாக மறந்திருக்க மாட்டேன்.

"என்னத்தை மறந்தாளாம்?" என்று கேட்டாள் இர்மெலி. அவள் கண் நெயாவிடமிருந்து எனக்கும் என்னிடமிருந்து நெயாவுக்கும் போனது.

நெயா என்னைப் பார்த்தாள். பதினேழு வயது. ஒரு வார்த்தை சொன்னால் அவள் கதை முடிந்தது, என் கதையும்.

"நடுவர்களுக்கு வணக்கம் வைக்க மறந்துட்டா," என்றேன். "போ நெயா. போய் நடுவுல நின்னு வச்சுட்டு வா."

அவள் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். நடுவர் பெட்டிகளுக்கு ஒரு தடவை குனிந்தாள். காலி இருக்கைகளுக்கு ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிக் குனிந்தாள், கூட்டம் இருந்தால் எப்படிச் செய்வாளோ அப்படியே.

"நல்ல புள்ள," என்றாள் இர்மெலி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் அழற?"

"தெரியல."

நிஜமாகவே தெரியவில்லை. தோற்றதற்கா, பதக்கம் கிடைத்ததற்கா, கிடைக்க இருந்தது போனதற்கா, அதை வாங்கிக்கொள்ளாமல் தப்பித்ததற்கா. ஒன்றை யோசித்தால் மற்றது வந்து இடித்தது.

"நான் ரெண்டாவது," என்றேன்.

"ஆமா."

"ரெண்டு பேர்ல."

"ரெண்டு பேர்லதான்," என்று இர்மெலி பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றி நீட்டினாள். "போய் முதல்ல பதக்கத்தை வாங்கு. அழறதுன்னா அதைப் போட்டுக்கிட்டு அழு."